நகையும் உவகையும்

நம் கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று வரைந்து தருமாறு மலர்க் குழுவினர் என்னைக் கேட்டபோது, தமிழாசிரியனாகிய நான் சங்கப் பாட்டொன்றின் நயத்தையோ நாவலர் பெருமானின் வசனநடையையோ எடுத்து ஆராய்வேன் என்றே எண்ணியிருப்பர். நான் எடுத்துக்கொண்டதோ ஓர் ஆங்கிலச் சொல். ஆங்கில ஆசிரியர்களாகிய என் நண்பர்கள், தங்கள் காணிக்குள் நான் வேலி பாய்ந்துவிட்டதாகக் கொள்ளாது பொறுத்தருள்க. நான் ஆங்கிலப் பட்டம் பெற்றவனல்லன். ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி பெற்றுத் தமிழ் கற்பிக்க வந்தவன். எனினும், ஒரு சொல் எங்கே பிறந்தது, வந்த வழியில் எதனை இழந்தது, எதனைப் பெற்றது என்று தேடுவது தமிழாசிரியனுக்கும் உரிய தொழிலேயாம்.

அச்சொல் 'ஜொக்கண்ட்' என்பது. இன்றைய ஆங்கிலப் பேச்சிலே இது வழங்குவதில்லை. செய்தித்தாளிற் காண்பதும் அரிது. அகராதிகள் 'மகிழ்ச்சியான', 'களிப்புள்ள' என்று பொருள் கூறிவிட்டு அப்பாற் செல்லும். ஆயினும், நரை கண்ட பழைய மாணவர் பலர் இச்சொல்லைக் கேட்டவுடன் அறிந்துகொள்வர். அவர்கள் இளமையில் மனனஞ் செய்த இரண்டு ஆங்கிலப் பாட்டுக்களில் இது வருகின்றது. ஒன்று, தொமஸ் கிறே 1751இல் வெளியிட்ட கல்லறை இரங்கற்பா. மற்றையது, வில்லியம் வேட்ஸ்வேத் ஏரிக்கரையிற் கண்ட மஞ்சள் நிறப் பூக்களைப் பாடிய பாட்டு.

ஆங்கிலத்தில் மகிழ்ச்சியைக் குறிக்கும் சொற்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வீட்டிற் பிறந்தவை. 'ஜோவியல்' என்பது சோதிடர் வீட்டுப் பிள்ளை. யூபிற்றர் எனப்படும் வியாழனின் ஆட்சியிற் பிறந்தோர் மகிழ்ச்சி மிக்கவர் என்ற நம்பிக்கையிலிருந்து எழுந்தது. வியாழன் சுபக்கிரகம் என்பதில் அவர்களுக்கும் நமக்கும் வேறுபாடில்லை. 'சாங்குவின்' வைத்தியர் வீட்டுப் பிள்ளை. உடலில் இரத்தம் மிகுந்தோர் ஊக்கமும் நம்பிக்கையும் உடையவர் என்று ஐரோப்பிய மருத்துவர் கருதிய காலத்தில், இரத்தத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து அது பிறந்தது. 'சியர்' என்பதோ பழைய பிரெஞ்சு மொழியில் முகம் என்றே பொருள்பட்டது. ஆங்கிலத்துக்கு வந்தபின் முகத்தின் தோற்றத்தையும், பின்னர் உள்ளத்தின் நிலையையும், ஈற்றில் நல்ல நிலையை மாத்திரமும் குறிக்கலாயிற்று. நாம் 'முகமலர்ச்சி' என்பதும், விருந்தினரை வரவேற்கும் முகத்தைப் பற்றி வள்ளுவர் அத்துணை கவலைப்படுவதும் இங்கே நினைவுக்கு வரும். துடுப்பாட்டப் பெரும் போட்டியிலே தொண்டை வரளக் கூவும் நம் மாணவர், தாம் ஒரு காலத்தில் முகம் என்று பொருள்பட்ட சொல்லைச் செய்துகாட்டுகின்றனர் என்பதை அறியார். அறியாமலிருப்பதும் நன்றே, அறிந்தால் கூவ மறந்துவிடுவர்.

ஜொக்கண்ட் என்பதன் பிறப்பு இவற்றினும் விந்தையானது. இச்சொல் பழைய பிரெஞ்சின் வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் முன்னோர் இலத்தீன் மொழியினர். இலத்தீனில் 'யூக்குண்டுஸ்' என்றொரு சொல் உண்டு. இனியது, மனத்துக்கு உவப்பானது என்பது அதன் பொருள். சிசரோ முதலியோர் எழுத்தில் அது பயின்று வரும். அதற்கு அடி 'யுவாரே' என்னும் வினை. இவ்வினைக்கு இரண்டு பொருள். முதலாவது, உதவுதல், துணைசெய்தல், இரண்டாவது, உவப்பூட்டுதல். ஒரே வினை உதவியையும் உவப்பையும் சேர்த்துச் சுமந்தது. பிறிதொரு வழியாக அதே வினையிலிருந்து வந்தவைதாம் உதவி என்று பொருள்படும் 'எய்ட்' என்ற ஆங்கிலச் சொல்லும், படைத்தலைவருக்குத் துணைநிற்கும் அலுவலரைக் குறிக்கும் 'அட்ஜுடண்ட்' என்ற பதவிப் பெயரும். வெளிநாட்டு உதவி என்று நாம் நாள்தோறும் பத்திரிகையிற் படிக்கும் சொல்லும், கவிஞர் பூக்களின் மகிழ்ச்சிக்கு இட்ட சொல்லும் ஒருதாய் மக்கள் என்பது கேட்பவர்க்குச் சற்று வியப்பாகவே இருக்கும்.

இனி, வந்த வழியில் நேர்ந்ததைக் காண்போம். இலத்தீனிலே 'யொக்குஸ்' என்று வேறொரு சொல் இருந்தது. அது பகிடி, கேலிப்பேச்சு என்று பொருள்படும். இன்றைய 'ஜோக்' அதன் வழிவந்தது. யூக்குண்டுஸ் என்பதற்கும் யொக்குஸ் என்பதற்கும் பிறப்பால் எவ்வித உறவும் இல்லை. ஆனால் ஒலி ஒத்தது. பொருளும் ஓரளவு அயலில் இருந்தது. பிற்கால இலத்தீன் பேசியோர், எழுதியோர் முதலாவது சொல்லை இரண்டாவதன் பிள்ளை என்று கருதி, ஊகாரத்தை ஓகாரமாக்கி, 'யோக்குண்டுஸ்' என்று வழங்கத் தலைப்பட்டனர். இவ்வாறு உதவியின் வயிற்றிற் பிறந்த சொல் பகிடியின் வீட்டில் வளர்ப்புப் பிள்ளையாயிற்று.

இது மேனாட்டார்க்கு மாத்திரம் நேர்வதன்று. நம் முன்னோர் தோணியேறிச் சென்று வழிபட்ட திருமறைக்காட்டை எடுத்துக்கொள்வோம். மரை என்னும் மான் திரிந்த மரைக்காடே பின்னர் மறைக்காடாகி, மறை என்பது வேதமாதலின் வேதாரணியம் என வடமொழிப் பெயரும் பெற்றது என்று அறிஞர் சிலர் கூறுவர். அவர் கூற்று மெய்யாயின், ஒரு ரகரம் றகரமான மாத்திரத்தில் மானுக்கு வேதம் வாய்த்தது. ஆங்கிலச் சொல்லின் கதை இதற்கு மறுதலை. அங்கே பெறுமதியான பொருள் மறைந்து, இலேசான பொருள் மேலேறிற்று.

பகிடிக்கும் மகிழ்ச்சிக்கும் அத்துணை வேறுபாடுண்டோ என்று சிலர் வினவலாம். உண்டு என்று முடிவு கூறியவர் தொல்காப்பியர். பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியலில் அவர் எட்டு மெய்ப்பாடுகளை நிறுத்தும்போது நகையை முதலிலும் உவகையை ஈற்றிலும் வைத்தார். இடையில் ஆறு நிற்கின்றன. நகைக்கு அடுத்து நிற்பது அழுகை! அவ்விரண்டும் பிறக்கும் இடங்களையும் வேறு வேறாகவே வகுத்தார். பிறரை இகழ்வதனாலும், சிறுபிள்ளைத்தனத்தாலும், அறிவின்மையாலும், எதையும் எளிதில் நம்பிவிடும் பேதைத்தன்மையாலும் நகை தோன்றும். உவகையோ செல்வத்தாலும், அறிவுநுகர்ச்சியாலும், அன்புடையார் கூடுவதனாலும், விளையாட்டாலும் தோன்றும். நகைக்கு ஒரு குறை வேண்டியிருக்கின்றது. பிறரிடத்தோ தன்னிடத்தோ ஏதோ ஒன்று கோணியிருத்தல் வேண்டும். உவகைக்குக் குறை வேண்டியதில்லை. இலத்தீன் பேசியோர் தொல்காப்பியம் கற்றிருப்பின் இவ்விரு சொற்களையும் மயக்கியிரார் என்று என் மாணவர்க்கு நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

உவகைக்குரிய நான்கு இடங்களுள் உதவி இடம்பெறவில்லையே என்று நுண்ணிதின் நோக்குவோர் கேட்பர். மெய்ப்பாட்டியலில் இல்லைத்தான். அதனை வள்ளுவரிடத்திற் காண்கின்றோம். ஈகை அதிகாரத்திலே, பொருளைச் சேர்த்துவைத்து இழந்துபோகும் வன்கண்ணரைப் பார்த்து, இல்லார்க்குக் கொடுத்து உவத்தலாகிய இன்பத்தை இவர் அறியாரோ என்று அவர் வினவுகின்றார். அங்கே அவர் ஆண்ட வினை மகிழ்தலன்று, களித்தலன்று, உவத்தல். கொடுத்தலும் உவத்தலும் ஒரே தொடரில் இணைந்து நிற்கின்றன. உரோமர் ஒரே வினையில் அடக்கியதை வள்ளுவர் இரு வினைகளை அடுத்தடுத்து வைத்துக் காட்டினார்.

இத்தாலியர் இச்சொல்லை இன்றும் 'ஜொக்கொண்டோ' என்று வழங்குவர். உலகில் அதிகம் பேர் கண்ட முகம் ஒன்றுக்கும் இச்சொல்லே பெயர். பாரிசு நகரத்து லூவர் அரும்பொருளகத்தில் லியொனாடோ டாவின்சி தீட்டிய ஓவியம் ஒன்று உளது. நாம் அதனை மோனா லிசா என்போம். இத்தாலியர் 'லா ஜொக்கொண்டா' என்பர். பிரெஞ்சுக்காரர் 'லா ஜொக்கொண்ட்' என்பர். அப்பெண்மணி பிளோரன்ஸ் நகரத்துப் பட்டு வணிகர் பிரான்செஸ்கோ டெல் ஜொக்கொண்டோ என்பவரின் மனைவி லிசா. கணவரின் குடும்பப் பெயர் ஜொக்கொண்டோ. ஆதலின் அவர் ஜொக்கொண்டா. அப்பெயர்க்கு உவகையுடையாள் என்றும் பொருள் கொள்ளலாம். இச்சிலேடையைக் கருதியே ஓவியர் அந்த மெல்லிய முறுவலை வரைந்தார் என்று எண்ணுவோரும் உளர். ஓவியத்திலுள்ளவர் லிசாதானா என்ற நெடுநாள் ஐயத்துக்கு வலுவான விடை 2005இல் கிடைத்தது. ஜேர்மனியின் ஹைடல்பேர்க் பல்கலைக்கழக நூலகத்திலுள்ள பழைய அச்சுநூலொன்றின் ஓரத்தில், லியொனாடோ அப்பெண்மணியின் ஓவியத்தை வரைந்துகொண்டிருக்கின்றார் என்று 1503 ஒக்டோபரில் ஒருவர் எழுதிவைத்த குறிப்புக் கண்டெடுக்கப்பட்டது. அந்நூல் எது தெரியுமா? யூக்குண்டுஸ் என்ற சொல்லை விரும்பி ஆண்ட அதே சிசரோவின் கடிதத் தொகுதி.

ஓவியர் வரலாறு எழுதிய வஸாரி இது பற்றி ஒரு செய்தி சொல்கின்றார். அவர் நூல் 1550இல் வெளிவந்தது. லியொனாடோ இறந்தபோது அவர் ஏழு வயதுச் சிறுவர். ஆதலின் அவர் சொல்வதை நேரிற் கண்ட சாட்சியாகக் கொள்ளல் இயலாது. அப்பெண்மணி அமர்ந்திருந்தபோது அவர் முகத்தில் வாட்டம் படியாதிருக்கப் பாடகரையும் இசைவாணரையும் விகடகவிகளையும் ஓவியர் அமர்த்தியிருந்தாராம். கதை உண்மையோ பொய்யோ, என் பொருளுக்கு அது மிகவும் பொருந்துகின்றது. யொக்குஸ் என்னும் பகிடி கூலிக்கு அழைக்கப்பட்டு, யூக்குண்டுஸ் என்னும் உவகைக்கு முன்னே ஆடிப் பாடிற்று. ஓவியத்தைப் பாருங்கள். பகிடிக்காரரின் சுவடு அங்கே யாதுமில்லை. அம்முகம் சிரிக்கவில்லை. உள்ளே ஏதோ ஒன்று இனிதாயிருக்கின்றது என்பது மாத்திரம் தெரிகின்றது.

ஆங்கிலத்திற்கு மீள்வோம். சேக்ஸ்பியரின் நாடகங்களில் இச்சொல் வருமிடங்களைத் தேடிப் பார்த்தேன். மகிழ்ச்சியைக் குறிக்கும் சொல்லாதலின் திருமண வீடுகளிலும் விருந்துகளிலும் அதனைக் காண்பேன் என்று எதிர்பார்த்தேன். ஹம்லெற் நாடகத்திலே விருந்து உண்டு. ஆனால் அவ்விருந்தில் மகிழ்ச்சிக் கிண்ணம் உயர்த்துவேன் என்பவன், தமையனைக் கொன்று தமையன் மனைவியை மணந்த மன்னன். மக்பெத் நாடகத்திலே, பாங்கோவையும் அவன் மகனையும் கொல்ல ஆளனுப்பிவிட்ட கணவன், மனைவியைப் பார்த்து நீ மகிழ்ந்திரு என்னும்போது இச்சொல் வருகின்றது. மூன்றாம் றிச்சட் நாடகத்திலே, இலண்டனிலிருந்து குதிரையேறிச் சென்ற பிரபுக்கள் தமக்கு ஓர் ஆபத்துமில்லை என்று எண்ணி எத்துணை மகிழ்ச்சியோடு சென்றனர் என்று ஒருவர் நினைவுகூரும்போது இதே சொல். அப்பிரபுக்களின் தலை கொய்யப்படும் நாள் அதுவே. ரோமியோவும் யூலியற்றும் என்ற நாடகத்தில் விடியற்காலைக்கு இது அடைமொழி. அந்த விடியலில் ரோமியோ மனைவியை விட்டு நாடுகடந்து போதல் வேண்டும், நின்றால் மரணம். மலைமுகட்டிலே பகல் மகிழ்ச்சியோடு வந்து நிற்கின்றது; கீழே இருவர் இறுதியாகப் பிரிகின்றனர்.

கிறே பாடிய இரங்கற்பாவிலும் அப்படியே. காலையில் ஏர் ஓட்டி வயலுக்குச் சென்ற உழவரின் மகிழ்ச்சிக்கு அவர் இச்சொல்லை வழங்கினார். அவ்வுழவர் யாவரும் அப்போது அவர் காலடியிலே, புல் மூடிய குழிகளில் உறங்குகின்றனர். சாவின் அயலில் இச்சொல் ஏன் இத்துணை இயல்பாக வந்து அமர்கின்றது என்பதை நான் அகராதியிற் கற்றுக்கொள்ளவில்லை.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் வீடுவாசல் விட்டுத் தென்மராட்சிக்கு நடந்ததை இம்மலரைப் படிப்போருட் பலர் தம் கால்களாலேயே அறிவர். அதனை நான் விரித்தல் வேண்டா. அப்போது எனக்குப் பதினாறு வயது. நாங்கள் ஒதுங்கிய வளவிலே ஏழு குடும்பங்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று, இளைப்பாறிய ஆங்கில ஆசிரியர் ஒருவரும் அவர் மனைவியாரும். மாணவனாயிருந்த காலத்தில் இலண்டன் பரீட்சைக்காக இலத்தீனும் படித்தவர் அவர். வீட்டிலிருந்து அவர் எடுத்துவந்தது ஒரு துணிப்பை. அதனுள் மனைவியாரின் நீரிழிவு மருந்துகளும், அட்டை கழன்ற ஆங்கிலப் பாட்டுத் தொகுதி ஒன்றும் இருந்தன. மருந்து முடிந்துபோயிற்று; அவ்வேளையில் வேறு பெறும் வழியும் இல்லை. கார்த்திகையில் அம்மையார் காலமானார்.

எட்டுச் செலவு முடிந்த மறுநாட் காலை, ஆசிரியர் வளவிலிருந்த பிள்ளைகள் ஒன்பது பேரையும் மாமரத்தின் கீழ் அழைத்து இருத்தினார். கழற்றி வைத்திருந்த கதவுப் பலகையொன்றிற் கரியால் எழுதிப் பாடந் தொடங்கினார். எங்களிடம் கொப்பி இருந்தது மூவருக்கே. அன்று எடுத்தது அந்தப் பூக்களின் பாட்டு. படித்துச் செல்லும்போது அவர் முகம் விளங்கிற்று. பூக்கள் காற்றில் ஆடுவதைக் கையாலே காட்டினார். ஜொக்கண்ட் என்ற சொல் வந்ததும் நிறுத்தி, அதனைப் பலகையிற் பெரிதாக எழுதினார். எங்களுள் இளையவன், "சிரிக்கிறது எண்டு எழுதட்டோ சேர்?" என்று கேட்டான்.

"சிரிப்பு வேறை, இது வேறை தம்பி. இதின்ரை வேர் உதவி எண்ட சொல்லு. பக்கத்திலை இருந்தாலே எங்களுக்கு உதவுற மாதிரி ஒரு சந்தோசம்" என்றார்.

கிணற்றடியில் நின்ற இருவர் இதனைப் பார்த்துக்கொண்டிருந்தனர். மனைவி செத்து மாதமாகவில்லை, இந்த மனிசனுக்கு இதென்ன சந்தோசம் என்று அவர்களுள் ஒருவர் சொன்னது எனக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டிருத்தல் வேண்டும். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளும் அதே நேரத்தில் மாமரத்தின் கீழ் வந்திருந்து அடுத்த பாட்டை எடுத்தார். சித்திரையில் வலிகாமம் திரும்பும் வரைக்கும் அவ்வகுப்பு ஒருநாளும் தவறியதில்லை. ஒன்பது பேர் இருபது பேராயினர். ஒருவரிடமும் அவர் ஒரு சதமும் பெற்றாரல்லர். மாலையில் வகுப்பு இல்லை. அப்போது அவர் வேலியோரம் தனித்திருப்பார். அவரிடம் யாரும் போவதில்லை.

கிணற்றடியிற் பேசியோரை நான் குறை கூறவில்லை. மகிழ்ச்சி என்று அவர்களுக்குத் தெரிந்த சொல் ஒன்றே. அச்சொல்லை அவர்மீது வைத்துப் பார்த்தால் அது பொருந்தாமலே தோன்றும். நகையையும் உவகையையும் பிரித்தறியாத இடத்தில், துயரமுற்றோன் முகம் மலர்ந்தால் துயரத்தை மறந்தான் என்றே கொள்வர். அவர் மறக்கவில்லை என்பதை வேலியோரத்தைப் பார்த்தவர் அறிவர். காலையில் மாமரத்தின் கீழ் அவரிடத்திற் கண்டது பிறர்க்கு உதவுவதனால் வருவதும், அவருக்குத் தான் உதவியதுமான ஒன்று. இரண்டும் ஒருவரிடத்தில் ஒரே நாளில் இருந்தன. சாவின் அருகே இச்சொல் இயல்பாக வந்து அமர்வதன் காரணத்தை நான் அங்கேதான் கண்டேன்.

அவர் 2003இல் இறைவனடி சேர்ந்தார். அதன்பின் பல ஆண்டுகள் கழித்து அப்பாட்டின் முதற் பதிப்புப் பாடம் என் கைக்கு எட்டியது. அதிலிருந்த ஒரு செய்தியை அவருக்குச் சொல்ல இயலாது போயிற்றே என்ற ஏக்கம் எனக்கு இன்றும் உண்டு.

செய்தி இதுதான். 1802 ஏப்பிரல் 15ஆந் திகதி வேட்ஸ்வேத்தும் அவர் தங்கை டொறதியும் அல்ஸ்வோட்டர் ஏரிக்கரையில் நடந்துசெல்கையில் அப்பூக்களைக் கண்டனர். தங்கையார் தம் நாட்குறிப்பில், அப்பூக்கள் காற்றோடு சேர்ந்து சிரிப்பனபோலத் தோன்றின என்று எழுதினார். தமையனார் 1804இற் பாட்டை இயற்றி 1807இல் வெளியிட்டார். அப்பதிப்பில் பூக்களின் கூட்டத்துக்கு அவர் கொடுத்த அடைமொழி ஜொக்கண்ட் அன்று! 'லாஃபிங்', அஃதாவது சிரிக்கின்ற என்பதே. தங்கையின் சொல்லையே எடுத்து ஆண்டார் போலும். 1815ஆம் ஆண்டுப் பதிப்பில் அச்சொல்லை நீக்கிவிட்டு ஜொக்கண்ட் என்று மாற்றினார். இரண்டு சொற்களும் ஈரசையின. யாப்பு இந்த மாற்றத்தைக் கேட்கவில்லை. நகை இருந்த இடத்தில் கவிஞர் தாமாகவே உவகையை வைத்தார்.

1804க்கும் 1815க்கும் இடையில் நிகழ்ந்தவை எவை? 1805 பெப்புருவரியில் அவருடைய தம்பி ஜோன் தலைவராயிருந்த கிழக்கிந்தியக் கும்பினிக் கப்பல் இங்கிலாந்தின் தென்கரைக்கு அப்பால் மூழ்கிற்று; தம்பியும் மூழ்கினார். 1812 யூனில் மூன்று வயது மகள் கதரின் இறந்தாள். அவ்வாண்டு திசெம்பரில் ஆறு வயது மகன் தொமஸ் இறந்தான். பிள்ளைகளை இழந்ததனாலேயே சொல்லை மாற்றினார் என்று நான் சாதிக்க வரவில்லை. 1807ஆம் ஆண்டுத் தொகுதியைத் திறனாய்வாளர் கடுமையாகத் தாக்கியிருந்தனர்; அதன்பின் அவர் பல பாட்டுக்களைத் திருத்தினார்; இப்பாட்டிலேயே வேறு சொற்களையும் மாற்றி, ஒரு செய்யுளைப் புதிதாகவும் சேர்த்தார். கவிஞரின் எழுதுகோல் ஏன் அசைந்தது என்று அறுதியிட்டுக் கூறுதல் உரையாசிரியர்க்கு அழகன்று. ஆயினும், முதற் சொல்லை இட்டபோது அவர் எவர், இரண்டாஞ் சொல்லை இட்டபோது அவர் எவர் என்று எண்ணாமல் அப்பாட்டை என்னாற் படிக்க முடியவில்லை.

பாட்டின் ஈற்றுச் செய்யுளையும் நினைந்து பாருங்கள். கவிஞர் தம் வீட்டில், வெறுமையாகவோ சிந்தனை வயப்பட்டோ சாய்ந்திருக்கின்றார். பூக்கள் அங்கே இல்லை, ஏரி இல்லை, காற்று இல்லை. அவ்வேளையிற் பூக்கள் மனக்கண்ணில் வந்து தோன்றி நெஞ்சை நிரப்புகின்றன. சிரித்த பூக்கள் சிரித்த இடத்திலேயே முடிந்திருக்கும். இவை தேடி வந்து உதவுகின்றன. இலத்தீன் வினையின் பழைய பொருள் கவிஞர்க்குத் தெரிந்திருந்தது என்பதில் ஐயமில்லை; அவர் இலத்தீன் நன்கு கற்றவர். மாமரத்தின் கீழிருந்த ஆசிரியர், முதற் பாடம் அறியாமலே, அந்த மாற்றத்தின் முழு நியாயத்தையும் ஒன்பது பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டார்.

இவ்வாண்டு உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் இம்மலருக்காக அப்பாட்டைத் தமிழில் ஆக்கி என்னிடம் கொண்டுவந்தான். ஜொக்கண்ட் வரும் இடத்தை வெறுமையாக விட்டிருந்தான். இருவரும் அமர்ந்து சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். மகிழ்ச்சி என்றால் எல்லார்க்கும் விளங்கும். ஆனால் பழந்தமிழில் மகிழ் என்பதிற் கள்ளின் மயக்கம் கலந்திருக்கின்றது. களிப்பு அதனினும் மோசம். கள்ளுண்ணாமை அதிகாரத்தைப் படித்தவன் பூக்களுக்கு அதனைச் சூட்டக் கூசுவான். குதூகலம் வடமொழியில் அறியும் ஆவலைக் குறித்தது. தமிழுக்கு வந்து துள்ளத் தொடங்கிற்று. இப்பாட்டுக்கு அத்துணைத் துள்ளல் ஆகாது. உல்லாசம் என்றான் மாணவன். உல்லாசப் பயணிகள் நினைவுக்கு வருவர் என்றேன்; பூக்களெல்லாம் கமராவைத் தோளிலே தொங்கவிட்டு நிற்பதுபோலத் தோன்றும் என்று அவனே சிரித்துவிட்டான். சந்தோஷம் வடமொழியில் நிறைவையே குறித்தது, அது தகும், ஆயின் அவன் யாப்புக்குள் அடங்கவில்லை.

உவகை என்றேன். அவன் முகம் சுருங்கிற்று. "அது மெய்ப்பாட்டுக் கேள்விக்கு எழுதுற சொல்லு, சேர். பூவுக்குப் போட்டால் ஒருத்தருக்கும் விளங்காது" என்றான். விளங்காத சொல்லை வழங்க வழங்கத்தானே விளங்கும் என்று நான் வாதித்தேன். அவன் மரியாதையுடன் கேட்டுக்கொண்டிருந்தான்; இணங்கினானல்லன். இரண்டு நாள் கழித்து மீண்டும் வந்தான். வெறுமையாயிருந்த இடத்தில் 'சிரிக்கும்' என்று எழுதியிருந்தான்.

1807ஆம் ஆண்டுப் பாடத்தை அவன் கண்டதில்லை. நான் அவனுக்குக் காட்டியதும் இல்லை. தாளை நெடுநேரம் கையில் வைத்திருந்தேன். பின்னர், ஓரிடத்தில் விடுபட்டிருந்த ஒற்றை மாத்திரம் இட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அவனுடைய பாட்டு இம்மலரின் மாணவர் பகுதியில் அச்சொல்லுடனேயே வெளிவருகின்றது.